திரை வந்தது, ஆசிரியர் எங்கே?

நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கு என்ன வேண்டும் என்று நம்மிடம் ஒருவரும் வந்து கேட்பதில்லை. கேட்காமலேயே கொடுப்பது அவர்கள் வழக்கம். ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வானொலிப் பெட்டி கொடுத்தார்கள், பிறகு தொலைக்காட்சிப் பெட்டி, பிறகு கணினி. இப்போது சுவரை அடைக்கும் ஸ்மார்ட் போர்டும் விரலால் தேய்க்கும் டேப்பும் வந்திருக்கின்றன. மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். கொடுப்பதை வேண்டாம் என்று தள்ளுகிறவர்கள் அல்ல நாம். ஆனால் ஒரு கையால் கொடுக்கும்போது மறு கை எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று பார்க்கவேண்டியவர்கள் நாம்தாம். ஏனென்றால் நாம் பிறர் மண்ணில் பிழைக்க வந்தவர்கள். நம் பிள்ளைகளுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று பேச ஆள் இல்லாதவர்கள்.

எடுத்துக்கொண்டு போவது எது? ஆசிரியரை! தமிழ் ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. பெற்றோர் போய்க் கேட்டால் என்ன பதில் வருகிறது தெரியுமா? “எல்லாப் பாடமும் திரையில் வந்துவிட்டதே, பொத்தானை அமுக்கினால் போதுமே.” இந்தப் பதிலை நாற்காலியில் இருப்பவர்கள் சொன்னால்கூடப் பரவாயில்லை, நம்மவர்களில் படித்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களே இப்போது சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள் நம் சங்கத்தில் பலர். இயந்திரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. 1985-ல் டில்லியில் முன்பதிவுக்குக் கணினி வந்தது முதல் இன்றுவரை எத்தனை இயந்திரங்கள் நம் கவுண்டர்களுக்குள் நுழைந்திருக்கின்றன! மும்பைப் புறநகர் நிலையங்களில் தானியங்கி டிக்கெட் இயந்திரம் வைத்தார்கள். பெயரே தானியங்கி, ஆள் வேண்டாம், பயணியே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நடந்தது என்ன? ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களைக் கூப்பிட்டு, டிக்கெட்டுக்கு இவ்வளவு கமிஷன் என்று பேசி, அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். கூட்ட நேரத்தில் மக்கள் அந்த மனிதர் நிற்கும் இயந்திரத்தின் முன்னால்தான் வரிசை கட்டுகிறார்கள். குர்லாவுக்கு ஒரு டிக்கெட் எடுப்பதற்கே பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை எழுத்துக் கற்பதற்கு மனிதர் வேண்டாமாம்! இது எந்த ஊர் நியாயம்?

ஆசிரியர் கேட்பது நாம் கேட்கும் பிச்சை அல்ல, தோழர்களே. 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு கூடி ஒரு முடிவு செய்தது. ஒரு பள்ளியில் வேற்றுமொழிக் குழந்தைகள் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால், அவர்களுடைய தாய்மொழியில் கற்பிக்கக் குறைந்தது ஒரு ஆசிரியரையாவது போடவேண்டும் என்பது அந்த முடிவு. ஆசிரியர் என்றுதான் சொன்னார்கள்; பெட்டி என்று சொல்லவில்லை. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-ல், ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும், ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது அது. ‘முயல வேண்டும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றிலிருந்து முயன்றுகொண்டே இருக்கிறார்கள்! 2009-ன் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் 2 ஆசிரியர்கள் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் இயன்ற இடமெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழி என்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்குள்ள சண்டை வேறு. அதை இங்கே இழுக்கவில்லை. சொன்ன சொல்லையாவது காப்பாற்றுங்கள் என்கிறோம்.

சொல் எங்கே, செயல் எங்கே? ஒன்றிய அரசே வெளியிட்ட 2024-25 பள்ளிக் கணக்கைப் பாருங்கள். கணினி உள்ள பள்ளிகள் நூற்றுக்கு 64.7, இணைய வசதி உள்ளவை 63.5 என்று மார் தட்டுகிறார்கள். முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறது என்பதும் உண்மைதான். அதே கணக்கில், ஒரே ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் நாட்டில் 1 லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிக்கும் குழந்தைகள் 33 லட்சத்துக்கும் மேல். முதல் வரியைச் சுவரொட்டியில் போடுகிறார்கள். இரண்டாவது வரியை அட்டவணைக்குள் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

திரையைக் காட்டிப் பாடம் நடத்துவது ஏதோ நேற்றுப் பிறந்த அதிசயம்போலப் பேசுகிறார்களே, 1975-ஐ மறந்துவிட்டார்களா? அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக் காலம், அமெரிக்காவிடம் செயற்கைக்கோளை இரவல் வாங்கி, 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. அதில் ஒரு நல்ல காரியமும் நடந்தது: விடுமுறைக் காலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் பயிற்சி கொடுத்தார்கள். ஆண்டு முடிந்தது, செயற்கைக்கோளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். படம் போய்விட்டது; பயிற்சி பெற்ற ஆசிரியர் வகுப்பிலேயே இருந்தார். இரவல் பொருள் எது, நிலைக்கிற பொருள் எது என்பது அன்றைக்கே தெரிந்துபோன சங்கதி.

வெளிநாட்டுச் சாட்சி இல்லாமல் நம் படித்தவர்களுக்கு நம்பிக்கை வராது, அதையும் தருகிறோம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வாரி வழங்கினார்கள். பாடம் நடத்தும் முறையோடு அவற்றைச் சேர்க்கவில்லை, படிப்பு முன்னேறவில்லை. இதைச் சொல்வது யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை.

கொரோனாக் காலத்தை நாம் அறிக்கையில் படிக்கவில்லை, அனுபவித்தோம். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக் கதவு, மும்பையில் சின்ன வகுப்புகளுக்கு 2021 டிசம்பரில்தான் திறந்தது. அந்த நாட்களில் வகுப்பு போனில் நடந்தது. பத்துக்குப் பத்து கோலியில் ஆறு பேர். இருப்பது ஒரு போன். அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு அது திரும்பி வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். ரீசார்ஜ் தீர்ந்தால் பாடமும் தீர்ந்தது. நாட்டுப்புறங்களில் 2021-ல் எடுத்த ‘அசர்’ கணக்கு இதையேதான் சொல்கிறது: வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளைகளிலேயே நூற்றுக்கு 26 பேருக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. அந்த இரண்டாண்டில் எழுத்தை மறந்த பிள்ளைகளுக்கு எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தது எது? ஏதோ ஒரு செயலியா? பள்ளி திறந்ததும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, விரலைப் பிடித்து எழுதவைத்த ஆசிரியைகள் அல்லவா?

இவ்வளவும் சொன்னதால், இந்தக் கருவிகளைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறோம் என்று எண்ணவேண்டாம். நம் சங்கத்துக்குள்ளேயே அப்படிச் சொல்லும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். “ஆசிரியர் வரும்வரை பெட்டியைத் திறக்கவிடாதே” என்பது அவர்கள் கட்சி. அவர்கள் கோபத்தை மதிக்கிறோம். முடிவை ஏற்க மாட்டோம். சிதறிக் கிடக்கும் நம் பள்ளிகளுக்கு இந்தக் கருவிகளைப்போல் உதவக்கூடியது வேறொன்று இல்லை. ஆனால் அது ஆசிரியர் கையில் இருக்கவேண்டும்.

எப்படி உதவும்? ஒரே ஆசிரியை மூன்று வகுப்புகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு திண்டாடும் பள்ளியை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கைப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது, இரண்டாம் வகுப்பு சும்மா உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருக்கும். அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கியும், ஆசிரியையே தன் குரலில் பதிந்துவைத்த பாட்டும் கதையும் இருந்தால் போதும். இதற்கு இணையம்கூட வேண்டாம்; ஒரு பென் டிரைவில் அடங்கும். லட்ச ரூபாய்ச் சுவர்ப் பலகை செய்யாததை இது செய்யும்.

இன்னொன்று, உச்சரிப்பு. நம் பிள்ளைகளுக்குத் தெருவில் இந்தி, கடையில் மராத்தி. வீட்டில் நாம் பேசும் தமிழோ எல்லாம் கலந்த கதம்பம். ‘வாளைப்பளம்’ என்று காதில் விழுந்ததைத்தான் குழந்தை அப்படியே எழுதுகிறது. அதன் தவறு என்ன? அந்தக் குழந்தையை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதன் குரலை அதற்கே போட்டுக் காட்டுங்கள். முதல் நாள் வெட்கப்படும், இரண்டாம் நாள் சிரிக்கும், மூன்றாம் நாள் தானே திருத்திக்கொள்ளும். அதே பதிவை ஆசிரியை வீட்டுக்கு அனுப்பினால், ராத்திரி ஷிப்டில் இருக்கும் தகப்பன் கேட்பான். பிராக்ரஸ் கார்டில் கைநாட்டு வைப்பதோடு தன் பங்கு முடிந்தது என்று ஒதுங்கிப்போகும் தாய், தன் மகள் எவ்வளவு படிக்கிறாள் என்பதை வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் காதாலேயே அறிந்துகொள்வாள். எழுத்தறியாத தாயையும் பள்ளிக்குள் அழைத்துவரும் கருவி இது. இதை ஏன் உதறவேண்டும்?

ஆசிரியர்களுக்குள் கூட்டு என்பதுதான் இவற்றிலெல்லாம் பெரிது. தாராவியில் ஓர் ஆசிரியை கழித்தல் கணக்குக்கு நல்லதொரு பயிற்சித்தாள் தயாரிக்கிறார் என்றால், அது செம்பூருக்கும் முலுண்டுக்கும் அன்றைக்கே போய்ச் சேரலாம். அங்கே உள்ளவர் திருத்தி, இன்னும் நல்லதாக்கித் திருப்பி அனுப்பலாம். பத்து ஆசிரியர்கள் ஆளுக்கு மாதம் இரண்டு செய்தால், ஓராண்டில் 240 தாள்கள் ஆயின. இங்கே ஒரு தொழில் சங்கதி சொல்லியாகவேண்டும். சிலர் இன்னும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அது இன்னொருவர் கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்; செய்த உழைப்பு அத்தனையும் வீண். எல்லாரும் யூனிகோடில் அடிக்கவேண்டும். போனில் அடித்தாலும் யூனிகோடுதான் வரும். யாரும் தனியாகப் படிக்கவேண்டியது இல்லை. சின்னச் சங்கதிதான்; கூட்டு கெட்டுப்போவது இப்படிப்பட்ட சின்னச் சங்கதிகளால்தான்.

பிள்ளைகளும் கூட்டுச் சேரட்டுமே! தண்டவாளத்தில் மழைநீர் ஏறி லோக்கல் நின்றுபோன நாளில் அப்பா எப்படி நடந்தே வீடு வந்தார் என்று மும்பைப் பிள்ளை எழுதி அனுப்பட்டும். உப்பளம் எப்படி இருக்கும் என்று தூத்துக்குடிப் பிள்ளை படமெடுத்துக் காட்டட்டும். தமிழ் என்பது கோலிக்குள் அம்மாவோடு பேசும் மொழி மட்டுமல்ல, தனக்கு முன்பின் தெரியாத பிள்ளையோடும் பேசும் மொழி என்று குழந்தைக்குப் புரிய வேறென்ன வேண்டும்?

அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்குக் கேரளம் சாட்சி. 2020 ஜூன் 1-ஆம் தேதி அங்கே தொலைக்காட்சியில் பள்ளி வகுப்புகளைத் தொடங்கியபோது மலையாளத்தோடு நிறுத்தவில்லை. தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் படிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் தயாரித்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தது ஒரு நாள் வேலை அல்ல. 2001-லிருந்தே பள்ளிக் கணினிக் கல்விக்கென்று அரசின் சொந்த அமைப்பு, விலை கொடுக்கவேண்டாத கட்டற்ற மென்பொருள், ஆசிரியர்களைக் கொண்டே ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அங்கும் கருவி கிடைக்காத ஏழைப் பிள்ளைகள் துன்பப்பட்டார்கள், மறைக்கவேண்டாம். ஆனால் எண்ணிக்கையில் சிறியவர்கள் என்று மொழிச் சிறுபான்மையைக் கைவிடவில்லை. 2011 கணக்கெடுப்பில் மகாராட்டிரத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். இங்கே ஏன் முடியாது?

“அதுதான் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே, பாடநூலில் கியூ.ஆர். குறி இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சிலர் கைகாட்டுகிறார்கள். 2019-ல் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சியும், இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய அந்த நூல்களும், 2001-ல் தொடங்கிய இணையப் பல்கலைக்கழகத்தின் மழலைப் பாடங்களும் நமக்குப் பெரிய உதவிதான். மொழிப்பாடத்துக்கு அப்படியே எடுத்தாளலாம். ஆனால் நம் பிள்ளை எழுதுவது இந்த மாநிலத் தேர்வு. இங்கே பல தலைமுறையாக நான்காம் வகுப்புக் குழந்தை சிவாஜி வரலாறு படித்து வந்திருக்கிறது. அங்கே அதே வயதுக் குழந்தைக்கு மூவேந்தர் பாடம். இங்கே 2020-ன் சட்டப்படி மராத்தியும் கட்டாயம். அதை நாம் வரவேற்கிறோம், இந்த மண்ணில் வாழ்கிறவன் இந்த மண்ணின் மொழியைக் கற்கத்தான் வேண்டும். தமிழிலிருந்து மராத்திக்குப் போக ஒரு பாலம்போல அமைந்த ஒலிப் பாடம் தமிழ்நாட்டு அலமாரியில் இருக்குமா? இங்கே உள்ள தமிழாசிரியர்தான் அதைச் செய்யமுடியும். அந்த ஆசிரியரை நியமிக்காமல் சென்னையைக் காட்டுவது கடமையைத் தட்டிக்கழிப்பது.

அந்த ஆசிரியருக்கு நேரமும் வேண்டும். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அனுப்பவில்லை என்று சத்தியம் செய்வார்கள்; வகுப்பில் உட்கார்ந்தபடியே போனில் படிவம் நிரப்பச் சொல்வார்கள். காலையில் வருகைப் பதிவு, மதியம் சாப்பாட்டுக் கணக்கு, மாலையில் விழாப் படம். கிளார்க் வேலை என்னவென்று கிளார்க்குகளாகிய நமக்குத் தெரியும். அதை ஆசிரியை செய்தால் பாடத்தை யார் நடத்துவது?

ஆள் குறைந்தால் பள்ளியையே மூடுவார்கள் என்பது வெறும் பூச்சாண்டி அல்ல. அகமதாபாத் மணிநகரில் நம்மைப்போல் பிழைக்கப்போனவர்களின் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியை, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று 2020-ல் மூடினார்கள். செலவைத் தமிழக அரசே ஏற்கும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதவேண்டிய நிலை வந்தது. இங்கே தாராவி மறுகட்டுமானம் பேச்சாக இருந்த காலம் போய், 2023-ல் வேலையையே ஒப்படைத்தார்கள். குடும்பங்கள் நாலு திசைக்குப் பிரிந்தால், வகுப்புக்கு 10, பள்ளிக்கு 40 என்ற கணக்கு எங்கே நிற்கும்? அன்றைக்கு ஒரு தமிழாசிரியர், நான்கு பள்ளிகளில் சிதறிய நாற்பது பிள்ளைகளைத் திரைவழியாக ஒரு வகுப்பாகச் சேர்க்கமுடியும். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போகவும் முடியும். ஆகவே 40 என்பதைப் பள்ளிக்கு என்று எண்ணாமல் வட்டாரத்துக்கு என்று எண்ணவேண்டும் என நாம் இப்போதே கேட்கவேண்டும். பிரிந்து போனபின் கேட்டால் யாரும் செவிசாய்க்க மாட்டார்கள்.

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பதினைந்தாயிரத்துக்குத் தவணையில் போன் வாங்குகிறோம். வீடு தேடி வரும் விற்பனையாளன் பேச்சை நம்பி, பிள்ளை ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளும் என்று ஆயிரக்கணக்கில் கட்டி மென்பாடம் வாங்குகிறோம். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஆசைகாட்டி விற்கிறார்கள் என்ற புகாரின்பேரில் 2022 டிசம்பரில் பைஜூஸ் நிறுவனத் தலைவரைக் குழந்தைகள் உரிமை ஆணையம் விளக்கம் கேட்டு அழைத்தது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. அவ்வளவு பெரிய நிறுவனமே போனபின்னும் நமக்குப் புத்தி வந்ததா? பள்ளிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் “அரை நாள் கூலி போகுமே” என்கிறோம்.

அந்த அரை நாளில் என்ன இருக்கிறது தெரியுமா? மாநகராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது சட்டம். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவது அந்தக் குழு. கருவி வாங்கவேண்டுமா, எதை வாங்குவது, பழுது பார்க்கப் பணம் எங்கே, தமிழ்ப் பாடம் அதில் இருக்கிறதா, காலியிடம் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் அந்தத் தாளில் எழுதவைக்கலாம். எழுதிக் கையெழுத்தான தாளுக்கு எந்த அதிகாரியும் எழுத்தில்தான் பதில் சொல்லியாகவேண்டும். ரயில்வேயில் நாம் வாங்கிய ஒவ்வொரு உரிமையும் அப்படித்தான் வந்தது.

இந்த மாதம் நம் சங்கத் தோழர்கள் வீடு வீடாக வருவார்கள். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா, பெட்டி வந்ததா, வந்தது திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். குழுவில் ஏற்கெனவே இருக்கும் தாய்மார்கள் பெயர் கொடுங்கள். கூட்டத்தன்று கூலி போகும் என்பவர்களின் வண்டிச் செலவையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் சங்கம் ஏற்கும். போனில் நல்ல தமிழ்ப் பாடம் பதிந்துவைத்திருக்கும் ஆசிரியைகள், யூனிகோடில் அடித்து வைத்திருப்பவர்கள் யாராயினும் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். பென் டிரைவில் ஏற்றி எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க இளைஞர் அணியில் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்; இன்னும் ஆறு பேர் வேண்டும்.